நபீத்: புளிப்பு முடிந்து போதை தொடங்கும் இடம்

நபீத் என்பது பேரீச்சம்பழத்தையோ உலர்திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் பானம். நபிகள் நாயகம் காலத்து அரேபியாவில் இது வீட்டுக்கு வீடு புழங்கியது. மக்காவுக்கு வந்த ஹஜ் பயணிகளுக்கு நபிகளின் சிறிய தந்தை அப்பாஸின் குடும்பத்தார் இதையே வழங்கினர். நபிகளும் வாங்கிப் பருகினார்கள். ஆனால் இதே பானத்தை நாள்கணக்கில் வைத்திருந்தால் போதை ஏறிவிடும். மதுவைத் திருக்குர்ஆன் (5:90) விலக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது: ஒரே பாத்திரத்தில் ஊறும் ஒரே பானம் எந்தக் கட்டத்தில் ஆகாததாகிறது?

பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதே சர்க்கரையிலிருந்து புளிப்பை உண்டாக்கும். பல நோய்க்கிருமிகளால் அந்தப் புளிப்பில் பெருக முடியாது. புளிக்கவைத்த பானங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் இதனால்தான். ஈஸ்டோ புளிப்பைத் தாங்கும். ஆகவே புளிப்பு கிருமியைத் தடுக்குமே தவிர, போதையைத் தடுக்காது. வெப்பம் கூடினால் இந்த மாற்றம் விரைவாக நடக்கும்.

ஆல்கஹாலை அளக்கக் கருவி இல்லாத அக்காலத்தில் பொழுதும் பாத்திரமுமே அளவுகோல்களாயின. நபிகளின் வீட்டில் நபீத் தயாரித்த முறையை அவர்களின் மனைவி அன்னை ஆயிஷா விவரித்திருக்கிறார். தோல்பையின் மேல்வாயைக் கட்டிவிடுவார்கள்; ஊற்றுவதற்கு அடியில் ஒரு திறப்பு இருக்கும். காலையில் ஊறப்போட்டதை மாலையில் பருகுவார்கள். மாலையில் போட்டதைக் காலையில் பருகுவார்கள். அப்பாஸின் மகன் இப்னு அப்பாஸ் அறிவிப்பதன்படி மூன்றாம் நாள் மாலையே கடைசி எல்லை. அதன்பின் மிஞ்சியதைக் கொட்டிவிடச் சொல்வார்கள்.

அப்துல் கைஸ் குலத்தார் மதீனாவுக்கு வந்தபோது நான்கு வகைப் பாத்திரங்களில் நபீத் ஊறவைப்பது தடுக்கப்பட்டது: சுரைக்குடுக்கை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த பேரீச்ச மரத்தடி, தார் பூசிய கலம். நபிமொழி உரையாசிரியர்கள் இதற்குக் கூறும் காரணம் நுட்பமானது. தோல்பைக்குள் பானம் பொங்கினால் பை உப்பிக் காட்டிக்கொடுக்கும், சில வேளை வெடித்தும் போகும். கெட்டியான கலத்தில் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. குடிப்பவர் அறியாமலே போதையை அருந்திவிடுவார். பின்னாளில் எந்தப் பாத்திரமும் ஆகலாம், போதை தருவதை மட்டும் பருகக் கூடாது என்று அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பாத்திரத்தைவிட, அதிலிருப்பது அறிவை என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்பதை இது காட்டுகிறது. கலீஃபா உமரும் மேடையேறி, அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று விளக்கினார்.

சட்ட அறிஞர்கள் இந்த இடத்தில் பிரிந்தனர். கூஃபாவின் இமாம் அபூஹனீஃபா (இறப்பு 767), திராட்சை மதுவில் ஒரு துளியும் ஆகாது என்றும், பிற பானங்கள் பலவற்றில் போதை தரும் அளவே விலக்கு என்றும் கருதினார். மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் ஆகிய இமாம்கள், அதிகம் குடித்தால் போதை தருவதில் சிறிதளவும் விலக்கே என்றனர். அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மது ஷைபானியும் இதே கருத்தினர். அபூஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி மரபு பிற்காலத்தில் இதில் ஷைபானியைப் பின்பற்றியது. தமிழகத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மரபினரும் உண்டு. இன்று இந்தத் தீர்ப்பில் அவர்களிடையே வேறுபாடில்லை.

மாற்றம் மறுதிசையிலும் நிகழும். மது தானாகவே காடியாக மாறினால் அது தூயது என்பதில் எல்லா மரபுகளும் ஒன்றுபடுகின்றன. எதையேனும் சேர்த்துக் காடியாக்குவதை ஷாஃபிஈ மரபு ஏற்பதில்லை. ஹனஃபி மரபு ஏற்கிறது. பொருளின் மூலத்தைவிட அதன் இப்போதைய தன்மையே தீர்ப்பை முடிவுசெய்கிறது என்பது, தானாக மாறிய காடி தூயது என்ற ஒருமித்த கருத்தின் அடிப்படை.

கனிந்த பழத்திலும் ரொட்டியிலும் ஆல்கஹால் சிறிதளவு இயல்பாகவே இருப்பதை இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளந்து காட்டுகின்றன. ஆகவே எல்லை இப்போது எண்ணிலும் குறிக்கப்படுகிறது. மலேசியாவின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு 2011இல், மது தயாரிக்கும் நோக்கமில்லாத குளிர்பானத்தில் ஆல்கஹால் 1 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் பருகலாம் என்றது; மது தயாரிக்கும் முறையிலேயே செய்ததென்றால் எவ்வளவு குறைவானாலும் கூடாது. இந்தோனேசிய உலமா சபை 2018இல் 0.5 விழுக்காட்டை எல்லையாக்கியது. அதற்குக் குறைவான புளித்த பானமும் மருத்துவ நோக்கில் தீங்கற்றதாக இருந்தால்தான் ஹலால் என்பது அதன் நிபந்தனை.