ஓலையில் பெயரில்லாதார்

கொல்லிமலை ஏறிட எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என, ஊராட்சிகளே ‘நாடு’ எனும் பெயர் தாங்கி நிற்கின்றன. வில்லாற்றல் மிக்க ஓரி ஆண்ட மண் என்று பெருமை பேசுவோர் பலர். அந்த ஓரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மலைமக்களுக்கு இருந்ததா என்று கேட்போர் இலர். மன்னனை இழித்துரைக்க நாம் இதைக் கேட்கவில்லை. மலைப்பள்ளியில் தேர்தல் பாடம் படிக்கும் மாணவன், தன் கைக்கு வரவிருக்கும் உரிமை எத்துணை இளையது என்பதை உணர வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம்.

பாடநூல் என்ன சொல்கிறது? உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம்மிடம் குடவோலை இருந்தது என்று பூரிக்கிறது. இருந்தது, மறுக்கவில்லை. முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டை முழுதும் படிக்கச் சொல்லுங்கள்! வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அதோடு வேதம் கற்றிருக்க வேண்டும்! கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதி பாராட்டத்தக்கதே, இன்றைக்கும் தேவைப்படுவதே. ஆனால் ஏர் பிடித்தவனுக்கு அங்கே ஓலை ஏது? பெண்ணுக்கு ஏது? பெருமையைச் சொல்லிவிட்டு, யார் யார் விலக்கப்பட்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடம்.

அந்தப் பூட்டை உடைத்தது 1951–52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்த நாட்டில், 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு! படிக்கத் தெரியாதோர்க்காகச் சின்னங்கள் வந்தன. அப்போதும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் ஏறாமற் போயின. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றார்களேயன்றித் தம் பெயரைச் சொல்லவில்லை. சொல்லும்படி அவர்கள் வளர்க்கப்படவுமில்லை.

“அறியாதவன் கையில் வாக்கு எதற்கு? விவரமறிந்தவன் மட்டும் வாக்களித்தால் நாடு உருப்படுமே!” என்று கூறும் கனவான்கள் இன்றும் உளர். வேதத்துக்குப் பதில் பட்டம் கேட்கிறார்கள், வேறுபாடு அவ்வளவே. அறிவு, வாக்குக்குக் கட்டணமன்று. வாக்காளனுக்கு நாடு பட்டிருக்கும் கடன். அக்கடனைத் தீர்க்கும் இடங்களுள் முதன்மையானது பள்ளி.

எப்படித் தீர்ப்பது? “நாடாளுமன்றம் எத்தனை அவைகளைக் கொண்டது?” என்று கேட்டு மதிப்பெண் போட்டா? 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் பயனாக, வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அதை எவரும் பார்க்கலாம். பழைய தேர்தலின் பத்திரம் ஒன்றை வகுப்பில் விரித்து வைத்து, கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லட்டும் ஆசிரியர். இன்னாருக்கு வாக்களி என்று அவர் சொல்லக் கூடாது. எப்படி எடைபோடுவது என்று காட்டலாம். அதற்கும் அஞ்சிக் குறிப்பு எழுதிப் போடும் ஆசிரியர்மேல் நமக்கு இரக்கமுண்டு, உடன்பாடில்லை.

மலையில் சிக்கல் வேறொன்றும் உண்டு. ஊர்ப் பெரியவர் சொல்லுக்கு அங்கே எடை அதிகம். சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும் என்று ஊரே ஒரு குரலாய் நின்றால் அது வலிமை. அதை நாம் குறை கூறோம். ஆனால் பேசி முடிவெடுத்த ஒற்றுமை வேறு, அடங்கி ஏற்ற ஒற்றுமை வேறு. அந்தப் பேச்சில் மாணவியின் தாய்க்கு இடமிருந்ததா? வாக்கு மறைவானது என்று சட்டம் வகுத்தது, அந்தத் தாய்க்காகவும்தான்.

வாக்குக்குப் பணம் கொடுத்தவனும் குற்றவாளி, வாங்கியவனும் குற்றவாளி என்பது சட்டம். இதை மட்டும் சொல்லிக் கொடுத்தால், கூலிக்காரத் தந்தையை மகனே இகழும்படி ஆகும். கொடுத்தவன் அந்தப் பணத்தை எங்கிருந்து மீட்பான் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே நேர்மை.

கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதி என்பது அங்குள்ள பிள்ளைகள் அறிந்ததே. ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே, பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகட்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ‘நாடு’களுக்குப் பொருந்தவில்லை. இதை எத்தனை பிள்ளைகள் அறிவர்? எழுபது வளைவுகளையும் கடந்து வாக்குக் கேட்டு வருவோரிடம், ஏன் இல்லை என்று கேட்க அவர்தம் பெற்றோர்க்கு உரிமை உண்டு. கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்பதாம் வகுப்புப் பெண்ணால் முடியும்.