தாமதித்து வந்த செவிகள்

வஷ்டி பன்யனின் ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ 1970 டிசம்பரில் பிலிப்ஸ் வெளியீடாக இங்கிலாந்தில் வந்தது. 14 பாடல்கள். மொத்தமாக அரைமணி நேரம்கூட இல்லை. ஒரு கிற்றார், ஆங்காங்கே வயலினும் குழலும், அவற்றின் மேல் முணுமுணுப்பைச் சற்றே தாண்டிய ஒரு குரல். அது யாரையும் அழைப்பதில்லை; தன்பாட்டில் பாடிக்கொண்டு போகிறது. அண்மைக்காலமாக இரவுகளில் நான் இதையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். இசை ஆகுமா ஆகாதா என்ற பழைய வழக்கை இங்கு கிளறுவது என் நோக்கமல்ல. என்னை நெருடுவது இத்தொகுப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொல்: ‘மீள்கண்டுபிடிப்பு’.

1965 இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முகாமையாளரால் பொப் பாடகியாக முன்னிறுத்தப்பட்டவர் வஷ்டி. அது கைகூடவில்லை. 1968 இல் குதிரை வண்டியொன்றில் தன் துணைவருடன் ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். அந்த நெடும்பயணத்தின் வழியில் பிறந்த பாடல்களை ஜோ பொய்ட் ஒலிப்பதிவு செய்தார். மிகச் சொற்பமான பிரதிகளே விற்றன. அதன்பின் ஏறத்தாழ 30 வருடங்கள் அவர் பாடவில்லை. தன் பிள்ளைகளுக்குக்கூடப் பாடவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தன் பெயரைத் தேடியபோதுதான், அந்தப் பழைய தட்டுகள் பெருவிலைக்குக் கைமாறுவதை அறிந்தார். 2000 இல் அது மறுபதிப்பானது.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் வந்து திருப்தியோடு நின்றுவிடுகிறார்கள். நல்லது என்றைக்காவது வெளியே வந்தே தீருமாம். காலம் நீதியான நடுவராம். வெளியே வந்தவற்றை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இத்தீர்ப்புத்தானே கிடைக்கும்? வராதவை சாட்சி சொல்ல வருவதில்லை. இந்தத் தட்டை மீட்டது காலமல்ல. சில சேகரிப்பாளர்களின் பிடிவாதமும், ஒரு சிறிய வெளியீட்டாளரின் துணிவும், கணினியின் வருகையும் தற்செயலாக ஒன்றுகூடின. அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் தமக்குள் கொடுத்து வாங்கிய அந்தப் பெருவிலையில் பாடியவருக்கு ஒரு சதமும் போயிருக்காது. கடனை உரியவரிடம் கொடுக்காமல் வேறொருவரிடம் கொடுத்தால் கடன் தீருமா? பாராட்டும் ஒருவகையில் ஹக்குத்தான். அதற்கும் தவணை உண்டென்றே நான் நினைக்கிறேன்.

நிய்யத் சரியாக இருந்தால் போதாதா, பலனை ஏன் எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். செய்தவர் தன்னை நோக்கிக் கேட்டால் அது உயர்ந்த கேள்வி. கேட்காமல் இருந்த நாம் அதைக் கேட்டால், நமது அசட்டைக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறோம். ‘நினைவு மலர்’ போடுவதில் வல்லவர்களான நமது இலக்கிய வட்டங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. உயிரோடிருப்பவரின் நூல் கட்டுக் கட்டாக அவர் வீட்டிலேயே கிடக்கும்.

அதேவேளை, அந்த 30 வருடங்களையும் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிள்ளைகளை வளர்த்தார், குதிரைகளோடும் கிராமங்களோடும் வாழ்ந்தார். பாட்டு இல்லாத வாழ்வு குறைவாழ்வு என்பது கலை விரும்பிகளின் ஆணவம். ஆனால் மௌனத்தைத் தேர்ந்துகொள்வது வேறு, மனம் நொந்து மௌனமாவது வேறு. அவருடையது இரண்டாவது. பிடிக்காமல் விட்டதல்ல, தோற்றுவிட்டோம் என்று விட்டது.

இன்னும் கூச்சமான ஒரு சந்தேகமும் எனக்குண்டு. அக்குரலின் தனிமையில் நான் சுவைப்பது எதை? அது புறக்கணிக்கப்பட்டது என்ற தகவலும் என் செவிக்குள் சேர்ந்து பாடுகிறதா? ஒருவரின் தோல்வி இன்னொருவரின் ரசனைக்கு வாசனைத் திரவியமாவது நல்ல காரியமாகத் தெரியவில்லை. கதையை மறந்துவிட்டுக் கேட்க முயன்று பார்த்தேன். முழுமையாக முடியவில்லை.

அவருடைய இரண்டாவது தொகுப்பு ‘லுக்ஆஃப்டரிங்’ 2005 இலும், மூன்றாவது ‘ஹார்ட்லீப்’ 2014 இலும் வந்தன. முதலாவதையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 25 வயதுக் குரலும் 60 வயதுக் குரலும் பக்கத்தில் பக்கத்தில். 40 வயதில் அது எப்படி ஒலித்தது என்று கேட்க, ஒரு பாட்டும் இல்லை.