அபிமானத்தின் எல்லை

தன் அணி தோற்று வெளியேறிய பின்னும் பந்தயம் முடியாமல் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் மனிதனுக்கு ஒரு விசித்திரமான சுதந்திரம் வாய்க்கிறது. அதுவரை பிறந்த மண்ணோ, பேசும் பாஷையோ, வெறும் பழக்கமோ அவனுக்காக ஒரு பக்கத்தைத் தேர்ந்து வைத்திருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு அவன் தலையிலேயே விழுகிறது. யார் ஜெயித்தாலும் அவனுக்குக் காலணா லாபமில்லை, யார் தோற்றாலும் நஷ்டமுமில்லை; இருந்தும் ஏதாவதொரு பக்கம் சாயாமல் பத்து நிமிஷம் ஆட்டத்தைப் பார்க்க அவனால் முடிவதில்லை. பற்றை விடச் சொல்லும் சாஸ்திரங்களைக் கேட்டு வளர்ந்த நாம், இல்லாத பற்றொன்றை வலிய உண்டாக்கிக்கொண்டு அதற்காக நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பது தகுமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டாகத் தோன்றினாலும், சற்று நின்று யோசிக்கத் தக்கதே.

இந்தக் கேள்விக்கு உரைகல்லாக ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்கிறேன். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் 2022–23 பருவத்தில் 11 அணிகள் ஆடின. முதல் ஆறு இடங்களைப் பிடித்தவை மட்டுமே பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகலாம் என்பது அந்த ஆண்டு வந்த ஏற்பாடு. 2015-இலும் 2017–18-இலும் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி., எட்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆக, 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதியபோது, தமிழ்நாட்டு அபிமானிக்குச் சொந்த அணி என்று எதுவும் இல்லை. அதிலும் கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்க்காரனின் நிலை இன்னும் தர்மசங்கடமானது. மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர். அதைத் தாண்டினால் பாலக்காட்டுச் சீமை. வடக்கே திம்பம் மலைப்பாதை ஏறினால் கன்னட நாடு. சென்னைப் பட்டணமோ ஓரிரவு ரயில் பயணம். ஆடிய இருவருமே அவனுக்கு அண்டைவீட்டார். அண்டைவீட்டாரோடு நமக்குள்ள உறவில் அன்பும் வழக்கும் கலந்தே இருக்கும் என்பதை யாரும் அறிவார்கள்.

அன்று பாக்குத் தோப்பில் வேலை முடித்துத் திரும்பியவர்கள் சிலர், பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த டி.வி.யின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். யார் பக்கம் நிற்பது என்ற விசாரணை, ஆட்டம் தொடங்கு முன்பே தொடங்கிவிட்டது.

"சிறுவாணித் தண்ணி குடிக்கறவங்க நாம. கேரளாக்காரன் பக்கந்தானுங்க நிக்கோணும்" என்றார் ஒருவர்.

"அந்தத் தண்ணிய அணையில அளந்தளந்து தேக்கறானே, அதுக்கும் சேத்தி கை தட்டோணுமாங்க?" என்று எதிர்ப் பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"பெங்களூர் டீம்ல சிவசக்தின்னு சிவகங்கைப் பையன் இருக்கறானுங்க. நம்ம ஓட்டு அவனுக்குத்தானுங்க" என்றான் ஓர் இளைஞன். பிறகு மூலையில் இருந்த பெரியவரைப் பார்த்து, "ஏனுங் தாத்தா, நீங்க ஆரு பக்கமுங்க?" என்று கேட்டான்.

"நான் ஆரு பக்கமும் இல்ல, கண்ணு" என்றவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் திரையைப் பார்த்தார். "மஞ்சச் சட்டைப் பசங்க ரொம்ப ஓடறானுங்க, பாவம். அவனுகளே ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

பக்கமே இல்லை என்று சொன்ன வாய் மூடுவதற்குள் பெரியவர் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார். அதுவும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் எல்லாம் மேலான காரணத்துக்காக எடுத்தார் என்பேன். நன்றி, வழக்கு, ஊர்ப்பாசம், இரக்கம் என்று மனிதன் ஒரு பக்கம் சாய்வதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அந்த நாலு பெஞ்சுகளுக்குள் அடங்கிவிட்டன.

இந்தக் காரணங்களின் தராதரத்தை மகாபாரதத்தைப் போல ஆராய்ந்த நூல் வேறில்லை. குருக்ஷேத்திரத்தில் திரண்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வழக்கில் நேரான சம்பந்தம் கிடையாது. சல்லியன் பாண்டவர்களுக்குத் துணையாகப் புறப்பட்டு, வழியில் உண்ட உபசாரம் துரியோதனன் செய்தது என்று பின்னர் அறிந்து, வாக்குக்குக் கட்டுப்பட்டு எதிர்ப் பக்கம் போனான். கர்ணன் செஞ்சோற்றுக் கடனுக்காகத் தன் உயிரையே ஈடாக வைத்தான். யுயுத்சு, போர் தொடங்கும் தறுவாயில், பிறந்த பக்கத்தை விட்டு நியாயமென்று தனக்குப் பட்ட பக்கத்துக்கு நடந்து போனான். இரு தரப்பாரும் தனக்கு வேண்டியவர்களே என்று பலராமன் தீர்த்த யாத்திரைக்குக் கிளம்பிவிட்டான். தமிழ் மரபோ இவர்கள் யாரும் எண்ணாத வழியொன்றைக் காட்டுகிறது: அந்தப் போரில் இரு படைக்கும் குறைவின்றிச் சோறளித்தவன் என்று சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் புறநானூற்று உரை மரபு போற்றுகிறது. ஒதுங்கிப் போவது மட்டுமே நடுநிலை அன்று. இரு பக்கத்தின் பசியையும் தன் பசியாக உணர்வதும் நடுநிலையே என்பது அந்தச் சேரன் செய்கையால் விளங்குகிறது.

ஆனால் போர்க்களத்தில் நின்றவர்களுக்கும் பேக்கரியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. கர்மத்தைச் செய், பலனில் பற்று வையாதே என்ற கீதையின் உபதேசம் ஆட்டக்காரனுக்கு அப்படியே பொருந்தும். ஏனெனில் அவனிடம் கர்மமும் இருக்கிறது, பலனும் இருக்கிறது, பின்னதை விட்டு முன்னதைப் பற்றிக்கொள்ள அவனால் முடியும். பார்வையாளனுக்கோ கர்மமே கிடையாது. அவன் பந்தை உதைப்பதில்லை, தடுப்பதில்லை, வியர்ப்பதுகூட இல்லை. அவனிடம் இருப்பது பலனின்மேல் ஆசை ஒன்றுதான். அதையும் விடச் சொன்னால் விடுவதற்கு அவன் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இவனுடைய நிலையை விளங்கிக்கொள்ளக் கீதையைவிடச் சாங்கியம் அதிகம் உதவும். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகையில் பிரகிருதி அரங்கில் ஆடும் நடனமாதாகவும், புருஷன் அதைக் காணும் சாட்சியாகவும் வர்ணிக்கப்படுகிறார்கள். ஆடுவதெல்லாம் அவள், பார்ப்பது மட்டுமே அவன். பார்த்துக்கொண்டிருப்பவன், அவளுடைய செயலைத் தன் செயலென்று மயங்கும்போது பந்தம் உண்டாகிறது. அந்த மயக்கம் தெளிவதே மோட்சம். ஒருவன் கோயமுத்தூரில் உட்கார்ந்தபடி, பெங்களூரில் யாரோ அடித்த கோலைப் பார்த்து, "நாம ஜெயிச்சுட்டோம்" என்று கூவும்போது நிகழ்வது அட்சரம் பிசகாமல் இந்த மயக்கமே. அகங்காரம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணெதிரே காண வேண்டுமானால், சொந்த அணி இல்லாத ஒருவன் பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஓர் அணியைத் தேர்ந்துகொள்ளும் அந்தக் கணத்தைக் கவனித்தால் போதும்.

சொந்த அணி உள்ளவனுடைய அபிமானம் மட்டும் இயற்கையானதா என்று கேட்கலாம். அதற்குக் கோயமுத்தூரே விடை சொல்லும். 2019 மார்ச் 9-ஆம் தேதி நம் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. பெயரில் சென்னை, ஆடுகளமோ கோவை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல்களை அடித்துக் குவித்த பெத்ரோ மான்சி கடல் கடந்து வந்தவர். அதே நாளில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து இங்கே நாம் சறுக்கியிருந்தால் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆகவே அன்று ஒரு மாலைக்கு மட்டும் கோகுலமும் நமக்கு நம்மவர்களாக ஆனார்கள். முடிவில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆயினும் 43 புள்ளிகளுக்கு 42 என்ற ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கோவையில் தங்கியது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கழகமே ஐ-லீக் களத்திலிருந்து மறைந்துவிட்டது. நம்முடையது என்று கொண்டாடியதில் நம்முடையதாக இருந்தது நம் அபிமானம் ஒன்றே என்பது இப்போது தெளிவாகிறது. பிளே-ஆஃபில் அந்நிய அணியைத் தேர்ந்துகொள்கிறவன் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லா அபிமானிகளும் அறியாமல் செய்வதை அவன் அறிந்து செய்கிறான்.

சார்பை எடுத்த கையோடு கடவுளையும் அந்தச் சார்புக்கு இழுப்பது நம் வழக்கம். கோனியம்மனுக்கு ஒருவன் தேங்காய் நேர்ந்துகொள்ளும் அதே வேளையில், எதிரணிக்காரன் குருவாயூரப்பனை வேண்டிக்கொள்கிறான். விருப்பும் வெறுப்பும் அற்றவன் இறைவன் என்று வள்ளுவர் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவானும், எல்லா உயிர்களிடத்தும் தான் சமமானவன், தனக்குப் பகைவனும் இல்லை வேண்டியவனும் இல்லை என்கிறான். அப்படிச் சொன்ன வாயாலேயே, பக்தியோடு வழிபடுவோர் தன்னிலும் தான் அவர்களிலும் இருப்பதாகக் கூறுகிறான். இது முரண் அன்றோ என்ற ஐயத்துக்குச் சங்கரர் தம் பாஷ்யத்தில் நெருப்பை எடுத்துக்காட்டினார்: நெருங்கியவனுக்குக் குளிர் போகும், விலகியவனுக்குப் போகாது, அதில் நெருப்பின் பட்சபாதம் ஏதுமில்லை. ஆக, தெய்வத்தை அணுகுவதால் நம் குளிர் நீங்கலாமே ஒழிய, எதிரணியின் கோல் கம்பத்தில் பட்ட பந்து உள்ளே போகாது. ஆட்டக்காரர் எவருக்கும் அடிபடாமல் இருக்கட்டும், அவரவர் திறமை முழுவதும் வெளிப்படட்டும் என்று வேண்டினால், அந்தப் பிரார்த்தனையை இரு தரப்பாரும் சேர்ந்தே செய்யலாம்.

மார்ச் 3-ஆம் தேதி ஆட்டத்துக்கு வருகிறேன். தொண்ணூறு நிமிஷத்தில் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்தில், ஆட்டத்தின் 97-ஆவது நிமிஷம் நடக்கையில், பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவராக அணிவகுத்து நிற்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. பெங்களூரு 1–0 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. அம்மாதக் கடைசியில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது. பெங்களூருவும் கோப்பையை வெல்லவில்லை. மார்ச் 18-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகான் பெனால்டியில் அதைத் தட்டிக்கொண்டு போயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஒரே காட்சியை ஒரே திரையில் பார்த்தவர்கள் இரண்டு காட்சிகளைக் கண்டார்கள் என்பது. ஆட்டத் தொடக்கத்தில் சிறுவாணித் தண்ணீருக்காகக் கேரளத்தைத் தேர்ந்தவருக்கு அது அப்பட்டமான அநியாயமாகத் தோன்றியது; சிவகங்கைப் பையனுக்காகப் பெங்களூரைத் தேர்ந்தவனுக்கு அது சமயோசித புத்தியின் சிகரமாகத் தோன்றியது. ஃப்ரீ கிக் பற்றிய விதி என்ன சொல்கிறது என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டத் தொடக்கத்தில் வெறும் வேடிக்கையாக எடுத்த சார்பு, அதற்குள் அவர்களுடைய கண்ணாகவே ஆகிவிட்டது. அபிமானத்தின் அபாயம் இங்கே இருக்கிறது. மகிழ்வதற்காக ஒரு பக்கம் சாய்ந்தவன், தன்னை அறியாமல் நீதிபதியின் ஆசனத்திலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அங்கே உட்கார்ந்த பின்னும் அதே பக்கமே சாய்ந்திருக்கிறான்.

நமக்கு அடுத்த ஊரான பேரூரில் ஒரு கதை வழங்குகிறது. சுந்தரர் தரிசனத்துக்கு வந்த சமயம், பட்டீசுவரரும் அம்மையும் பள்ளன் பள்ளியாக வேஷம் பூண்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்களாம். இருக்குமிடத்தைச் சொல்லாதே என்று நந்திக்குக் கட்டளை. சுந்தரர் வந்து கேட்டார். எஜமானனிடத்தில் நந்தியைவிட அபிமானம் உள்ளவர் யார்? ஆனாலும் பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. குறிப்பால் வயலைக் காட்டிவிட்டு, அதற்காக எஜமானன் கையால் அடியும் வாங்கிக்கொண்டது. அடித்த பிறகும் நந்தி எதிரே இருந்து நகரவில்லை. அபிமானம் குன்றாமலேயே உண்மையையும் காக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே, ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்வதில் பாபம் ஒன்றுமில்லை என்பதே என் துணிபு. சாட்சியாகவே இருந்து சலனமின்றிப் பார்ப்பது ஞானிகளுக்கு ஏற்றது; சம்சாரிகளான நமக்கோ, நடுவர் கடைசி விசில் ஊதியதும் விட்டுவிடக் கூடிய ஒரு பற்று, விட முடியாத பற்றுக்களை விடுவதற்கு நல்ல அப்பியாசம். பக்கத்தை எடுக்கும்போது ஒருவன்மேல் உள்ள துவேஷத்துக்காக இன்னொருவனை எடுக்காமல், ஆட்டத்தின் அழகுக்காகவோ உழைப்பின்மேல் உள்ள இரக்கத்துக்காகவோ எடுப்பது உத்தமம்; பேக்கரிப் பெரியவர் செய்தது அதைத்தான். ஆனால் நியாயம் எது என்ற கேள்வி எழும் இடத்தில், வாசகர்கள் மனத்துக்குள் இரண்டு அணிகளின் சட்டைகளையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: இதே காரியத்தை எதிர் அணி செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அப்போது பதில் மாறுமானால், நாம் சொல்லிக்கொண்டிருந்தது நியாயம் அன்று. பக்கத்தை நம் இஷ்டம்போல் தேர்ந்துகொள்ளலாம். தீர்ப்பை அப்படித் தேர்ந்துகொள்ளும் உரிமை எந்த அபிமானிக்கும் கிடையாது.