மாதுளைத் தோலும் நானும்

மாதுளம்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் எறிகிறோம். அதைக் கொதிக்க வைத்த நீரில், படிகாரத்தில் ஊறிய கம்பளி நூலை இட்டால் மஞ்சள் நிறம் ஏறுகிறது. படிகாரம் தனக்கென நிறமில்லாமலே சாயத்தை நூலோடு பிணைத்து நிற்கிறது. நிறம் மட்டுமா? பழத்தைக் கிருமி அண்டாமல் காத்துவந்த துவர்ப்புச் சத்தும் நூலில் குடியேறுகிறது. அங்கே கிருமிகள் பெருகுவதைக் குறைக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் ஓரளவு தடுக்கிறது.

"தோலுக்கு இதில் என்ன பெருமை, ஐயா? அது நினைத்தா செய்கிறது?" என்று கேட்டார் நண்பர்.

கேள்வி நியாயமானதுதான். நினைத்துச் செய்வதுதானே அறம்? நானும் ஒரு மார்கழியில் நினைத்துத்தான் செய்தேன். எங்கள் தெருவின் இரவுக் காவல்காரருக்கு என் பழைய கம்பளியைக் கொடுத்தேன். மறு வாரம் அவர் என்னைக் கண்டும் வணக்கம் சொல்லாமல் போனார். எனக்குச் சுருக்கென்றது. கம்பளி அவர் தோளில்தான் கிடந்தது. ஆனால் அதன் ஒரு முனையை நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்!

நினைப்பு இல்லாமல் அறம் இல்லை என்பது மெய்தான். ஆனால் கொடுக்கும்வரைதான் அந்த நினைப்பு வேண்டும். கொடுத்த பிறகு மாதுளைத் தோலைப் போல் இருக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.