பழம் பாட்டும் புதுச் செவியும்



மும்மணிகளைச் சரணடைந்து பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார் இசையரங்குகளுக்குச் செல்லலாமா என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. இளமையில் கேட்டு உருகிய பாட்டுக்களை, அவற்றை ஆக்கியவரே முதுமையில் மேடையேறி இசைக்கக் கேட்பதற்குச் சென்றவர் சிலர், மகிழ்ச்சியோடு சென்று துயரத்தோடு திரும்புகின்றனர். அத்துயரம் எதனால் விளைந்தது, அதை நீக்கும் வழி யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

ஐதராபாத்தின் கச்சிபௌலி விளையாட்டரங்கில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இளையராஜா அவர்களின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அப்போது அவருக்கு அகவை 79. 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் அறிமுகமாகி, தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் ஓயாது இசையமைத்து வந்தவர் அவர். எண்பதுகளில் அவர் இசையில் ஒரு புதிய ஒலி புகுந்தது. மின்னாற்றலால் ஒலியைப் பிறப்பிக்கும் சின்தசைசர் என்னும் கருவி அக்காலத்தில் உலகெங்கும் பரவி வந்தது. ஜப்பானிய நிறுவனமான யமஹா டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது 1983இல். நம் நாட்டில் 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ ஆகிய படங்களின் இசையில் கணிப்பொறியின் துணையும் சேர்ந்தது. திலீப் என்ற பெயரில் அந்நாளில் இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்து வந்த இளைஞரே பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் எனப் புகழ்பெற்றார்.

அந்நாளில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த என் போன்றோர்க்கு அவ்வொலி எத்துணை வியப்பாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குதல் கடினம். பகல் முழுதும் கதிர்களின் இரைச்சலைக் கேட்ட செவிக்கு, இயந்திரமும் இவ்வாறு இனிமையாகப் பாடுமோ என்று தோன்றிற்று.

கச்சிபௌலி நிகழ்ச்சிக்குச் சென்று வந்த செகந்தராபாத் உபாசகர் ஒருவர் சில நாட்கள் கழித்து என்னைக் காண வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். அவர் கூறியதாவது:

“ஐயா, அக்காலத்தில் நானும் என் தம்பியும் ஒரே பாயில் படுத்து, டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு, நாடா தேயும் வரை அப்பாட்டுக்களைக் கேட்போம். அதே பாட்டை அதே இசையமைப்பாளர் நேரில் இசைக்கக் கேட்கலாமே என்று சென்றேன். இசை நன்றாகவே இருந்தது. ஆனால் பாலசுப்பிரமணியம் அவர்களின் குரல் இல்லை. வேறொருவர் பாடினார், குறை சொல்ல இடமில்லை. எனினும் என் பாட்டு வரவில்லை என்று நெஞ்சு அடைத்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நான் பாட்டுக் கேட்கப் போனது சீலத்திற்குக் குற்றமா? அதனால்தான் இத்துயரமா?”

முதலில் சீலத்தைப் பற்றிக் கூறுவோம். பஞ்சசீலத்தில் கொலை, களவு, காமத் தீயொழுக்கம், பொய், மது ஆகிய ஐந்திலிருந்தும் விலகுவதாக உறுதி கொள்கிறோம். இசை கேளாமை அவற்றுள் இல்லை. உபோசத நாளில் அட்டசீலம் ஏற்பவர், அந்த ஒரு பகலும் இரவும் ஆடல் பாடல்களிலிருந்து விலகி நிற்பர். பிக்குகளுக்கு அவ்விலக்கு என்றும் உண்டு. ஆகவே, உபோசத விரதம் பூண்ட நாளில் அரங்கிற்குச் செல்லலாகாது. ஏனைய நாளில் இல்லறத்தான் இசை கேட்பதால் சீலம் கெடுவதில்லை.

இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. இராசகிருகத்திற்கு அருகே இந்தசாலக் குகையில் பகவர் வீற்றிருந்தபோது, சக்கனுடன் வந்த பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வீணை மீட்டிப் பாடினான் என்று தீக நிகாயம் கூறுகின்றது. அவன் பாடியது தான் விரும்பிய பெண்ணை நினைந்து பாடிய காதற்பாட்டு. பகவர் அவனைக் கடிந்தாரில்லை. நரம்பின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றையொன்று விஞ்சாமல் பொருந்தி நின்றதைப் பாராட்டினார். அப்பாட்டு எப்போது இயற்றப்பட்டது என்றும் வினவினார். இசையின் செம்மையைச் செம்மையாகவே கேட்ட செவி அது. காதற்பாட்டைக் கேட்டும் அங்கே வேட்கை பிறக்கவில்லை. ஆகலின் குற்றம் ஒலியில் இல்லை என்பது தெளிவு. பின் எங்கே இருக்கிறது?

நம் தமிழ்ப் பெருங்காப்பியமாகிய மணிமேகலை, பன்னிரு சார்புகளை நல்ல தமிழில் தந்திருக்கின்றது. அவற்றுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என ஐந்து அடுத்தடுத்து வருவன. செவி என்னும் வாயிலில் ஒலி வந்து பொருந்துவது ஊறு. அதனால் இனிது என்றோ இன்னாது என்றோ தோன்றுவது நுகர்வு. இதுவரை எவர்க்கும் இயல்பு. அந்த இனிமை இன்னும் வேண்டும், அன்று வந்தவாறே இன்றும் வேண்டும் என்று எழுவது வேட்கை. இது என்னுடையது என்று இறுகப் பிடிப்பது பற்று. ஆலையில் நூல் அறுந்தால் உடனே பிணைக்க வேண்டும். நாங்கள் அதற்கே கூலி பெற்றோம். இங்கோ நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள இழையை அறுப்பதே நம் தொழில்.

அவ்வுபாசகர் ‘என் பாட்டு வரவில்லை’ என்றார். அப்பாட்டு எங்கே இருந்தது, வருவதற்கு? சம்யுத்த நிகாயத்தில் பகவர் ஓர் உவமை கூறுகின்றார். முன்பு வீணையொலியைக் கேட்டறியாத அரசன் ஒருவன் அதைக் கேட்டு மயங்கினான். அது வீணையின் ஒலி என்றனர். அதைக் கொணர்க என்றான். வீணையைக் கொணர்ந்தனர். ‘இந்த மரம் எனக்கு எதற்கு? அவ்வொலியைக் கொணர்க’ என்றான். பத்தர், தோல், தண்டு, நரம்பு, மீட்டும் கோல், மீட்டுவோன் முயற்சி ஆகிய பலவும் கூடியபோது ஒலி பிறக்குமென்று அவர்கள் விளக்கினர். அவனோ வீணையைப் பிளந்தான், துண்டு துண்டாக்கினான், எரித்துச் சாம்பலையும் காற்றில் தூற்றினான். ஒலி அகப்படவில்லை. அவ்வாறே ஐந்து கந்தங்களையும் ஆராய்பவன் அவற்றுள் நான், எனது என்பதைக் காணான் என்பது பகவரின் முடிபு.

எண்பதுகளின் பாட்டும் அத்தகையதே. அமைத்தவர் எண்ணம், எழுதியவர் சொல், பாடியவர் மூச்சு, மின் கருவி, ஒலிநாடா ஆகியன கூடின. அவற்றோடு பதினாறு வயதுச் செவியும், ஒரே பாயும், அருகில் படுத்த தம்பியும் கூடின. இத்தனையும் சேர்ந்ததே அவர் ‘என் பாட்டு’ என்று கூறியது. பாவும் ஊடையும் பிரிந்தபின் துணி எங்கே என்று கேட்பார் உண்டோ? கச்சிபௌலியில் பிறந்தது அப்பாட்டன்று. புதிய சார்புகளால் அன்றிரவு புதிதாய்ப் பிறந்த வேறொரு பாட்டு. வந்த விருந்தினரின் முகம் பாராமல், வாராதவரை நினைந்து வாயிலையே நோக்கினால் துயரம் வராமல் என் செய்யும்?

‘என்னுடையது’ என்பதையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். 1989இல் வந்த ‘கீதாஞ்சலி’ தெலுங்குப் படம். அதுவே தமிழில் ‘இதயத்தைத் திருடாதே’ ஆயிற்று. அதன் பாட்டைத் தமிழன் தன்னுடையது என்கிறான். தெலுங்கனும் தன்னுடையது என்கிறான். இருவரும் இந்நகரில் ஒரே அரங்கில் அருகருகே அமர்ந்து, ஒரே மெட்டுக்கு இரு மொழிச் சொற்களை மனத்துள் முணுமுணுக்கலாம். மெட்டு எவரையும் தன்னவர் என்று கூறவில்லை.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1980இல் தோன்றி, மின்னிசைப் பாட்டால் உலகப் புகழ் பெற்ற டெபெஷ் மோட் என்னும் குழுவில் எஞ்சியிருந்த மூவருள் ஒருவரான ஆண்ட்ரூ பிளெட்சர் 2022 மே திங்களில் மறைந்தார். ஏனைய இருவரும் 2023இல் புதிய இசைத்தட்டு வெளியிட்டு நாடு நாடாக மேடையேறினர். அத்தட்டின் பெயர் ‘மெமென்டோ மோரி’. மரணத்தை நினைவிற்கொள் என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். நாம் மரணானுஸ்ஸதி என்று பயில்வதன்றோ இது!

குரல் இருக்கட்டும்; கல்லைப் பாருங்கள். அதே எண்பதுகளில் செதுக்கப்பெற்ற பகவரின் ஒற்றைக்கல் திருவுருவம், 1990 மார்ச்சில் உசேன் சாகர் ஏரியில் கொண்டு செல்லப்படுகையில் மிதவை கவிழ்ந்து மூழ்கிற்று. மனித உயிர்களும் போயின. இரண்டாண்டுக்கு மேல் நீரடியில் கிடந்து, 1992 டிசம்பரில்தான் மேலே வந்தது. கருங்கல்லுக்கே இக்கதியாயின் மிடற்றின் மூச்சுக்கு நிலைபேறு ஏது?

பாடுவோரிடத்தும் நமக்கு ஒரு கடமை உண்டு. கோவலன் இறந்தபின் மாதவி கூத்தைத் துறந்து அறவண அடிகளைச் சரணடைந்தாள். புகாரில் இருபத்தெட்டு நாள் இந்திர விழா தொடங்கியும் அவள் ஆட வரவில்லை என்று ஊரார் பழி தூற்றினர். அவளுடைய துயரத்தை அவ்வூர் கேட்கவில்லை. தன் இன்பம் மீண்டும் வரவில்லையே என்றுதான் கேட்டது. நாமும் எண்பது வயதுக் கலைஞரை நாற்பது வயதினராய் நிற்கச் சொன்னால், குரல் நடுங்கும்போது முகம் சுளித்தால், புகார் நகரத்தாரினும் மேம்பட்டவர் ஆகோம். அவர் நமக்குக் கடன்பட்டவரல்லர். நாமே அவரிடம் பெற்றிருக்கிறோம்.

இவையெல்லாம் கூறியபின் அவ்வுபாசகரிடம் நான் ஒன்று கேட்டேன்: “உங்கள் தம்பி இப்போது எங்கே இருக்கிறார்?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “கோலாரில் இருக்கிறான் ஐயா. வீட்டுப் பங்கில் மனத்தாங்கல். பேசி ஒன்பது ஆண்டுகள் ஆயின” என்றார்.

அன்பர்களே! துயரத்தின் வேர் இங்கன்றோ இருந்தது! மறைந்த குரலை எவராலும் மீட்க இயலாது. உடன் கேட்ட தம்பியோ உயிரோடு இருக்கிறார். ஒரு தொலைபேசி எண்ணின் தொலைவில் இருக்கிறார். வராததற்கு அழுது, வரக்கூடியதை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்.

இளையராஜாவுக்கும் பாலசுப்பிரமணியத்துக்கும் இடையே 2017இல் பாட்டுரிமை குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்ததை நாடறியும். 2019 ஜூன் திங்களில் சென்னையில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். 2020 செப்டம்பர் 25ஆம் நாள் பாலசுப்பிரமணியம் மறைந்தார். இடையில் கிடைத்த காலம் ஏறத்தாழ பதினைந்து திங்கள். அவர்கள் இணங்காது காலம் தாழ்த்தியிருப்பின் அந்த மேடையும் வாய்த்திராது. நமக்கு எத்தனை திங்கள் உள்ளன என்று நம்மில் யார் அறிவார்?

ஆகவே இசையரங்கிற்குச் செல்பவர் மூன்று செய்திகளை மனத்திற்கொள்க. செல்லுமுன், வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உரிய பணம் சீட்டுக்குப் போகாதிருக்கப் பார்த்துக்கொள்க. கேட்கும்போது, அன்று பிறக்கும் ஒலியை அன்றைய ஒலியாகவே கேட்க. கண்ணீர் வந்தால் வரட்டும், அதுவும் எழுந்து அடங்கும் நுகர்வே என்று அறிக. திரும்பியபின், பாட்டு யாரை நினைவூட்டிற்றோ அவரை எண்ணுக. மறைந்தவராயின் அவர் பொருட்டு ஒரு தானம் செய்து புண்ணியத்தை ஈந்தளிக்க. இருப்பவராயின் அன்றே அவரிடம் பேசுக. வீட்டுப் பங்கு பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் நலம் கேட்க. இவ்வாறு கேட்பவர்க்குப் பழம் பாட்டும் தம்மத்தின் வாயிலாகும்.

அனைவரும் பகையின்றி, துயரின்றி வாழ்வாராக.

சாது! சாது! சாது!