யார் வீட்டுத் தண்ணீர்?

கோவைப் பக்கம் ஆயிரம் அடிக்கு போர்வெல் போடுவது இன்று சகஜம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது. வெடிப்பு உங்கள் காம்பவுண்ட் சுவரோடு நின்றுவிடுமா என்ன? நீங்கள் ஆழமாக இறக்கி மோட்டாரைத் தட்டினால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றலாம். அவர் சும்மா இருப்பாரா? கடன் வாங்கி, இன்னும் நூறு அடி இறக்குவார்.

உங்கள் நிலத்தடி நீரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம். தமிழக அரசு 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-ல் ரத்தாகிவிட்டது.

சரி, சட்டம் தடுக்கவில்லை. நியாயம்? இது ஜாயின்ட் அக்கவுன்ட் சார்! டெபாசிட் போடுவது மழை. செக் புக் மட்டும் காசுள்ளவர் கையில்.

ரிக் வண்டியைக் கூப்பிடும்முன், 'எத்தனை அடியில் தண்ணி வரும்?' என்பதோடு, 'யார் கிணத்துத் தண்ணி வரும்?' என்றும் கேட்டுப் பாருங்களேன்.