நண்பன் எழுதி வைத்தது என்ன?

"உனக்கு ஏதாவது எழுதி வைத்தானா?"

பதினாறாம் நாள், துயர் படிந்த வீட்டின் பந்தலிலே, பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் கொடியவர் அல்லர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, ஊர்வழக்கமாய்க் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி நம் செவியில் காய்ச்சிய ஈயமாய் இறங்கிற்று.

கல்லூரி விடுதியில் மூன்றாண்டுக் காலம் ஒரே அறையில் உறங்கி எழுந்தவன் அவன். இருவரும் காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்குவோம். முன்பாதியை அவன் படித்துவிட்டுப் பின்பாதிக்கு நம்மோடு சண்டையிடுவான். இருபத்தாறாம் வயதில், ஒரு சாலை விபத்தில், சொல்லாமற் போய்விட்டான். கண்ணீர் காயவில்லை, அதற்குள் கணக்கா?

"ஒன்றும் இல்லை ஐயா" என்று சொல்லி எழுந்தோம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி நடந்தோம். ஏழு திங்கள் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. வழி நெடுக நம் நெஞ்சம் நம்மைப் பாராட்டிக்கொண்டே வந்தது. "சொத்துக்கு அலையாத தூய நட்பு உன்னுடையது" என்றது.

அந்தப் பாராட்டு எவ்வளவு பொய்யானது என்பது பின்னரே தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்வோம். முதலில் கேள்வியையே எடுத்து ஆராய்வோம். மறைந்த நண்பன் நமக்கு ஏதேனும் விட்டுச் சென்றானா என்று கேட்டறிவது இழிவா, கடமையா?

இழிவு என்போர் கூறும் காரணம் எளியது. நட்பு கொடுக்கல் வாங்கல் அன்று. அன்புக்குப் பேரேடு கிடையாது. இறந்தவன் வீட்டுப் பெட்டியை எட்டிப் பார்ப்பவன் நண்பன் அல்லன், கழுகு. இந்தப் பேச்சில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டையும் உண்டு. கேட்பவன் பெறுவதற்காகவே கேட்கிறான் என்று அது முன்னதாகவே தீர்ப்பெழுதி விடுகிறது. எழுதி வைத்தது பொருளாகத்தான் இருக்க வேண்டுமா? பொறுப்பாக இருக்கலாம். தீர்க்கப்படாத கடனாக இருக்கலாம். வேறு எவரிடமும் சொல்ல முடியாமல் நம்மிடம் மட்டும் விட்டுச் சென்ற வேண்டுகோளாக இருக்கலாம். உறையைப் பிரிக்காமலே, உள்ளே இருப்பது பணந்தான் என்று முடிவுகட்டி ஒதுங்குவது துறவாகுமா? மனிதன் பணத்தைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்லமாட்டான் என்ற எண்ணமல்லவா அங்கே ஒளிந்திருக்கிறது!

உறவுக்கும் நட்புக்கும் சட்டத்தின் முன்னே ஒரு வேறுபாடு உண்டு. உறவினர் பெயரைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. உயில் இல்லாமல் ஓர் ஆடவன் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவனுடைய மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரை முதல் வகுப்பில் நிறுத்துகிறது. அவர்கள் இல்லையேல் அடுத்த வகுப்பு. அதுவும் இல்லையேல் தூரத்துத் தாயாதி, அதற்கும் அப்பால் பெண்வழி உறவு. பட்டியல் நீளுகிறது, ஆனால் அதன் எந்த மூலையிலும் 'நண்பன்' என்ற சொல் இல்லை. கண்டறியாத பங்காளிக்கு இடமுண்டு. தோள்கொடுத்த தோழனுக்கு இல்லை. இதற்காகச் சட்டத்தை ஏசுவதற்கில்லை. எவன் நண்பன் என்று சட்டம் எதைக் கொண்டு அளக்கும்? நண்பன் யாரென்று சொல்ல வேண்டியவன் இறந்தவனே. அவன் அதைச் சொல்லும் வழி எழுத்துதான். அந்த எழுத்துக்குத்தான் உயில் என்று பெயர்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்து, அதைக் கண்ட சாட்சிகள் இருவரின் கையெழுத்து. பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏழையும் எழுதலாம் என்பது அதன் சிறப்பு. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள் அடுப்பில் எரிந்து முடிய எவ்வளவு நேரம் வேண்டும்? கேட்பாரில்லை என்று தெரிந்துவிட்டால், எரிப்பதற்குக் கை தயங்குமா? நம்முடைய நாணம் இறந்தவனுக்கு உதவுவதில்லை. தாளை மறைக்க எண்ணுபவனுக்கே உதவுகிறது.

கேட்டறியும் வழியும் கரடுமுரடானது அன்று. முதலில் வீட்டாரிடம், வெளிப்படையாக, நாலுபேர் அறியக் கேட்கலாம். சாட்சியாக நின்றிருக்கக்கூடிய தோழர்களிடமும், அவன் நாடிய வழக்கறிஞரிடமும் கேட்கலாம். இறப்புச் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லலாம். உயில் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை பதிவேட்டிலிருந்து அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ அன்றி வேறெவருக்கும் கிடைக்காது. அவர் இறந்த பின்போ, விண்ணப்பிக்கும் எவருக்கும் தரப்பட வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். உயிலை உறையிலிட்டு, முத்திரை வைத்துப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. இறப்புக்குப் பின் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையிலேயே உறை பிரிக்கப்படும். 'எவருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீ உறவா, சாதியா, பங்காளியா என்று சட்டம் கேட்கவில்லை. நாம் இழிவென்று ஒதுங்கும் கேள்விக்கு அது வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.

கேட்காமையின் விலை என்ன? பத்தாண்டுக் காலம் எவரும் தொடாத வங்கி வைப்புகள், ரிசர்வ் வங்கி 2014இல் அமைத்த ஒரு நிதியிற் போய்ச் சேருகின்றன. 2024 மார்ச்சு முடிவில் அங்கே குவிந்திருந்த தொகை 78,213 கோடி ரூபாய்! இதைத் தேடிக் கண்டறிவதற்கென்றே 'உத்கம்' என்ற இணையத்தளத்தை 2023இல் அவ்வங்கி தொடங்கியது. அத்தனையும் இறந்தவர் பணம் அன்று. மறந்தவர் பணமும் அதில் உண்டு. ஆயினும் அந்தக் குவியலுக்குள்ளே எத்தனை தாய்மாரின் மருந்துச் செலவு, எத்தனை பிள்ளைகளின் பள்ளிச் செலவு புதைந்து கிடக்கிறதோ! "கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று எத்தனை வாய்கள் மூடிக்கொண்டனவோ!

இங்கே பகுத்தறிவு இளைஞர் ஒருவர் குறுக்கிடக்கூடும். "இறந்தவனுக்கு ஆவி இல்லை, மறு உலகமும் இல்லை. நாம் நிறைவேற்றினால் அவன் மகிழப்போவதில்லை. மறந்தால் சினக்கப்போவதும் இல்லை. பிறகு ஏன் அவன் விருப்பத்தைத் தேடி ஓட வேண்டும்? காக்கைக்குச் சோறு வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

நல்ல கேள்வி, நேர்மையாக விடையிறுப்போம். இறந்தவன் எதையும் அறியான் என்பது மெய். ஆனால், விருப்பத்தை எழுதியவன் பிணம் அல்லனே! உயிரும் உணர்வும் உள்ள மனிதன், நம்மை நம்பி எழுதினான். அந்த நம்பிக்கையின் பேரில்தான் வேறு ஏற்பாடு செய்யாமல் விட்டான். நம்பியவன் இல்லாமற் போனதால், நம்பப்பட்டவனின் கடமை இல்லாமற் போகுமா? காக்கைக்கு வைத்த சோறு காக்கையோடு முடிகிறது. நிறைவேற்றப்பட்ட விருப்பமோ, உயிரோடிருக்கும் ஒருவரின் உலைக்கு அரிசியாகிறது. தான் இல்லாத நாளிலும் தன் சொல் நிற்கும் என்ற நம்பிக்கையால்தான் மனிதன் மரம் நடுகிறான், பள்ளி கட்டுகிறான், பிள்ளைகளை நண்பன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. ஆவியை நம்புகிறவன் காத்திருக்கலாம். வேண்டியதை இறந்தவனே கனவில் வந்து சொல்வான் என்று அவன் எண்ணிக்கொள்வான். நமக்கு அந்த வசதி இல்லை, தோழர்களே! இறந்தவன் திரும்பி வந்து சொல்லமாட்டான் என்று அறிந்தவனல்லவா, முதலில் எழுந்து போய்க் கேட்க வேண்டியவன்?

பாரியை நினைத்துப் பாருங்கள். மூவேந்தர் பகையால் பாரி மாண்டான், பறம்பு பறிபோயிற்று. உயிர்த்தோழராம் கபிலருக்கு அவன் விட்டுச் சென்றது என்ன? பொன்னா? ஊரா? தந்தையை இழந்த மகளிரை விட்டுச் சென்றான். "நான் பாடவந்த புலவன், எனக்கேன் இந்தச் சுமை?" என்று கபிலர் ஒதுங்கவில்லை. அந்த மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார். மணந்துகொள்க என்று வேண்டினார். இருங்கோவேளிடமும் சென்று வேண்டினார். இருவரும் மறுத்தனர். பாரியின் அவையில் தலைநிமிர்ந்து வீற்றிருந்தவர், வாயில் வாயிலாய் நின்று மறுப்பைச் சுமந்து வந்தார். இது புறநானூறு காட்டும் காட்சி.

காலத்தாலும் கடலாலும் வெகு தொலைவில், இதே கேள்விக்கு விடை கண்டது இன்னொரு நட்பு. 1883 மார்ச்சு 14இல் இலண்டனில் காரல் மார்க்சு மறைந்தார். உயில் எழுதவில்லை. உலகின் மூலதனத்தை ஆராய்ந்தவர் விட்டுச் சென்ற உடைமையின் மதிப்பு ஏறத்தாழ 250 பவுண்டு. நண்பர் ஏங்கெல்சோ, மான்செசுடர் நூற்பாலை அலுவலகத்தில் விருப்பமற்ற வேலையில் இருபதாண்டு உழைத்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர். கணக்குப் பார்த்தால் வர வேண்டியது அவருக்கே! அவர் தேடினார். பணத்தையன்று, தாள்களைத் தேடினார். 'மூலதனம்' நூலின் முதற்பகுதி 1867இல் வெளிவந்திருந்தது. எஞ்சியவை எந்த நிலையில் உள்ளன என்பது அவருக்கே தெரியாது. கிடைத்தவை முடிவுறாத கைப்படிகள். எளிதில் எவராலும் படிக்க முடியாத கையெழுத்து. அவற்றைக் கொண்டு ஏங்கெல்சு ஏதேனும் செய்யட்டும் என்று மார்க்சு தம் மகள் எலியனாரிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்தான் நண்பர் பெற்ற மரபுரிமை! இரண்டாம் பகுதி 1885இல் வந்தது. கண்பார்வை மங்கிய நிலையிலும் உழைத்து, மூன்றாம் பகுதியை 1894இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவரும் மறைந்தார். அவர் உயிலோ, தம் செல்வத்தின் பெரும்பகுதியை மார்க்சின் பெண்மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரிமையாக்கிற்று.

கபிலரும் ஏங்கெல்சும் நமக்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளனர். பொருள் வரும் என்று எண்ணும்போது எவ்வளவு ஊக்கத்தோடு கேட்பேனோ, சுமை வரும் என்று எண்ணும்போதும் அவ்வளவு ஊக்கத்தோடு கேட்பேனா? "ஆம்" என்று சொல்ல முடிந்தவன் கேட்பது இழிவன்று. அந்தக் கேள்வியையே கேட்காமல் நழுவுவதுதான் இழிவு.

நழுவியவர் கதையைச் சொல்லி முடிப்போம்.

ஏழு திங்கள் கழிந்த பின், அந்த ஊரிலிருந்து வரும் நம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் தெரு ஆயா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்" என்றான். சென்றோம். நண்பனின் தாய் திண்ணையில் இருந்தார். காதில் தோடு இல்லை.

"ஏன் தம்பி, அவன் போனதோடு நானும் போய்விட்டேன் என்று இருந்துவிட்டாயா?"

உள்ளே சென்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். வங்கி வைப்புத்தொகைச் சீட்டு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதில் 'நாமினி' என்ற இடத்தில் நம் பெயர்! கைநாட்டு வைக்கும் தாயிடமிருந்து பணத்தை எவரேனும் பறித்துவிடுவர் என்று அஞ்சி, நம் பெயரை எழுதியிருக்கிறான். சொல்ல நாள் வாய்க்கவில்லை. சிற்றப்பா படித்துவிட்டு, "பணம் அந்த வாத்தியாருக்குப் போகும், வந்தாலும் உனக்குத் தரமாட்டான்" என்றாராம். நம் எண் இருந்த செல்பேசியோ பூட்டிக் கிடந்தது. தோட்டை அடகு வைத்து அந்தத் தாய் ஏழு திங்களை ஓட்டியிருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறார். நாமோ அந்த ஏழு திங்களும் நம் தூய நட்பை எண்ணி நெஞ்சு நிமிர்த்தி நடந்திருக்கிறோம்!

நாமினி என்பவர் பெற்றுத்தரும் கை, உடையவர் அல்லர். வங்கி வைப்புக்கு 2010இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. மணமாகாத அவனுக்கு முதல் வகுப்பு வாரிசு அந்தத் தாய். வங்கிக்குச் சென்றோம், பணத்தைப் பெற்றோம், அதன் ஒவ்வொரு காசையும் அவர் பெயரிலேயே இட்டோம். தோடு மீண்டது. விட்டுப்போன மாத்திரை நாட்களை யார் மீட்பது?

பந்தலில் அந்தப் பெரியவர் கேட்டாரே, அதற்கு இன்று விடை சொல்ல முடியும். நமக்கென்று ஒரு காசும் அவன் எழுதி வைக்கவில்லை. தன் தாயை எழுதி வைத்திருந்தான்.

இளந்தோழர்களே, நண்பனை நம்பி எதையேனும் எழுதினால், அவன் காதிலும் ஒரு சொல் போட்டு வையுங்கள். நண்பனை இழந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள். "எனக்கு ஏதேனும் சொல்லிச் சென்றானா அம்மா?" என்று கூசாமல் கேளுங்கள். நாம் ஏழு திங்கள் தாழ்த்திக் கேட்டோம். நீங்கள் பதினாறாம் நாளே கேட்டுவிடுங்கள்.